இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் அடிக்கிறாள். தாராவியிலிருந்து அவசரமாகத் தெற்கே போக நேருகிற நம்மாட்களுக்காக இது.

போன ஆவணியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு நாங்குநேரிப் பக்கமிருந்து அக்கா மகன் முருகன் பேசினான். அக்கா போய்விட்டாள். எங்கள் பக்கம் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்திய பிறகுதான் பெண்ணை எடுப்பார்கள். அவளுக்குப் பிறந்த வீடென்று இன்றைக்கு மிச்சம் இருப்பது என் ஒற்றை ரூம்தான்.

அப்பா இறந்தபோது ரயிலில் போனேன். மூன்றாம் நாள் போய் நின்றால் சாம்பலும் ஆறியிருந்தது. இந்தத் தடவை மகன் விமான டிக்கெட் போட்டான், ஒன்பதாயிரத்துச் சொச்சம். மதுரைக்கு இரண்டு மணி நேரம் என்றான். அதை அப்படியே முருகனிடம் சொன்னேன்: "ரெண்டு மணி நேரந்தான்டே, வந்துருதேன்."

தெருமுனைச் சேலைக்கடை அண்ணாச்சி எனக்காகச் சீக்கிரமே ஷட்டரைத் தூக்கினார். பச்சைக் கரை போட்ட நூல் சேலை ஒன்று எடுத்தேன். ஏழரைக்கு டாக்சி. பத்தரை மணி விமானம் பதினொன்றரைக்குத்தான் கிளம்பும் என்று விமான நிலையத்துக்குப் போன பிறகு தெரிந்தது. முருகன் கூப்பிட்டான்.

"மாமா, மணி பத்தரை. எறங்கிட்டீயளா?"

"இன்னும் ஏறவே இல்லடே."

"இங்க எல்லாம் தயார் மாமா. பெரியவங்க அவசரப்படுதாங்க. இங்கனயே ஒரு சேலை வாங்கி, நீங்க குடுத்ததா போட்டுரட்டுமா?"

"பொழுது சாயற வரைக்கும் பொறு. சாஞ்சிட்டா போட்டுரு."

உள்ளே சீட்டில் சேலைப் பையை மடியில் வைத்திருந்தேன். காலடியில் வையுங்கள் என்றது பணிப்பெண் பிள்ளை. கோடியைக் காலடியில் வைப்பதா? எடுத்து மடித்துத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டேன். "யே டீக் ஹை, சாச்சா" என்றாள், இப்படியென்றால் சரிதானாம்; சிரித்துவிட்டுப் போனாள். வானத்தில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாம். கீழே மேகம்தான். போனும் அணைத்தாயிற்று. ஊரில் என்ன நடக்கிறதோ, கேட்க வழியில்லை.

ஒன்றரைக்கு மதுரை. வெளியே வர இரண்டாகிவிட்டது. கார் நாலாயிரத்து ஐந்நூறு. நூற்றெண்பது கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். கயத்தாறு தாண்டும்போது டிரைவர் என் தோளைக் கண்ணாடியில் பார்த்தான். "கோடியா பெருசு?" என்றான். பிறகு டீக்குக்கூட நிறுத்தவில்லை.

ஐந்தரைக்குப் போய் இறங்கினேன். வெயில் தென்னை உச்சிக்கு ஏறியிருந்தது. பாடை வாசலில் சும்மா கிடந்தது. அக்காவுக்கு ஒருவரும் ஒன்றும் போர்த்தியிருக்கவில்லை.

முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க ரெண்டு மணி நேரம்னா அது சாயங்காலம்னு அம்மா இருந்தா அப்பவே சொல்லியிருப்பா மாமா." அழுதுகொண்டிருந்த பொம்பளைகளே சிரித்துவிட்டார்கள். சேலையைத் தோளிலிருந்து எடுத்து அக்காவுக்குப் போர்த்தினேன். என் சூடு அதில் இருந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று. மும்பை – மதுரை விமானத்துக்கு இரண்டு மணி நேரம். என் வாசலிலிருந்து அக்கா வாசலுக்குப் பத்து. காத்திருக்கிறவர்களிடம் அந்தப் பத்தைச் சொல்லுங்கள். கோடியைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்; தோளில் போட்டுக்கொண்டால் ஒருவரும் தடுக்கமாட்டார்கள்.