விஜயராஜுக்கு வராத வாக்கியம்

தூத்துக்குடியில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நர்ஸ்கள். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் விமானம் ஏறும் முன் என் மாடிப்படி ஏறியாக வேண்டும். தாணுலிங்கம் சார் கத்துகிற கத்தலில் இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்று ஊரில் பேச்சு. என் கத்தலுக்கும் மசியாத ஆள் விஜயராஜ்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. ஆறடி உயரம், அதிர்ந்து பேசமாட்டான். எழுத்துத் தேர்வில் வெளுத்து வாங்குவான். பேச்சுத் தேர்வில் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். ஏற்கெனவே மூன்று தடவை கோட்டை விட்டிருந்தான். இந்தத் தடவையும் போனால் அயர்லாந்து வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

கடினமான சொற்களைப் பழக்க நானே எழுதிய பாடம் ஒன்று உண்டு. இயற்கையை நேசிக்கும் மலைமக்களைப் பற்றியது. மரத்தை வெட்டும் முன் அதன்மேல் கை வைத்து, அனுமதி கேட்டு நிற்பார்கள் என்று வரும். அதில் 'ரெவரன்ஸ்' என்றொரு சொல், பக்தி கலந்த மரியாதை என்று பொருள் எழுதிப்போட்டிருந்தேன். அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். ஜெபசெல்வி தன் மாமியாரை வைத்து ஒன்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தாள். விஜயராஜ் எழுந்து நின்றான். வேர்த்துக் கொட்டியதே தவிர வார்த்தை வரவில்லை.

"ஏலே, எத்தனை உசுர காப்பாத்துத! ஒரு வாக்கியம் சொல்ல முடியலையால?"

"பயமா இருக்கு சார்."

அடுத்த வாரம் கழுத்தில் மாலையோடு வந்து நின்றான். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதம், காளி வேஷம் போடப் போகிறானாம். தேர்வோ தசரா முடிந்த கையோடு வருகிறது. எனக்கு வந்ததே கோபம்!

"காளி வந்து பரீட்ச எழுதுவாளால?"

"நேர்ச்ச சார். விட முடியாது."

போய்த் தொலை என்று விட்டுவிட்டேன்.

தசரா நெருங்கிய ஒரு சாயங்காலம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது தெருவில் மேளம் அதிர்ந்தது. காணிக்கை வாங்க வந்த தசராக் குழு என் படியேறியது. முன்னால் காளி! தலையில் கிரீடம், முதுகில் விரிந்த மரக்கைகள், இடுப்பு வரை சடை, வாயில் கோரைப்பல். உள்ளே இருப்பவன் விஜயராஜ் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கைகள் தானாகக் குவிந்தன. வேஷம் போட்டவரை இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவள் தாய்தான். பிள்ளைகள் எழுந்து போய்க் குங்குமம் வாங்கிக்கொண்டார்கள். நானும் தட்டில் காணிக்கை போட்டேன்.

அத்தோடு விட்டேனா? என் வாய் சும்மா இருக்காது.

"தாயே, உன் பிள்ளை விஜயராஜ் ஒரு வாக்கியம் சொல்ல மாட்டேங்கான். நீயாவது சொல்லேன்."

மேளம் நின்றது. காளி கோரைப்பல்லைக் கழற்றினாள். பிறகு பேசினாள், ஆங்கிலத்தில், ஓரிடத்தில்கூடத் திக்காமல்.

"உங்கள் பாடத்தில் பாதிதான் இருக்கிறது. அந்த மக்கள் மலையை நேசிக்க மட்டும் செய்யவில்லை, அதற்குப் பயப்படவும் செய்கிறார்கள். இந்தக் காளியை உடம்பில் சுமக்கிறபோது எனக்கும் நடுங்குகிறது. ஆனாலும் இறக்கி வைக்க மனம் வரவில்லை. நடுங்கிக்கொண்டே மரத்தின்மேல் வைக்கிற கை இருக்கிறதே, அதுதான் ரெவரன்ஸ்."

அம்மாடி, என்ன பேச்சு! நானே எழுதி, வருஷக்கணக்காக நானே நடத்திய பாடம். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு ஆழம் கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குழுவில் ஒருவர் "ஓம் காளி!" என்றார். "ஜெய் காளி!" என்று வகுப்பே முழங்கியது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் ஜெபிக்கும் ஜெபசெல்வியின் குரலும் அதில் கேட்டது.

அவர்கள் இறங்கிப் போன பிறகு எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தேர்வு அறையில் கிரீடம் ஏது, மேளம் ஏது? வெறும் சட்டை போட்ட விஜயராஜ்தானே போய் உட்கார வேண்டும்?

முடிவு வந்த அன்று மனைவி முத்துச்செல்வியோடு படியேறி வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே பாஸ் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அங்கனயும் அவதான் வந்து பேசினாளால?"

இல்லை என்று தலையாட்டினான்.

"கூப்பிட்டுப் பார்த்தேன் சார், வரல. கையி நடுங்குது, நாக்கு ஒட்டுது. சரி, நடுங்குனா நடுங்கட்டும்னு நானே பேசிட்டேன்."