ராஜாமணி அக்கா நிறுத்திவைத்த காசோலை

செவ்வாய்க்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து தங்கை கோமதி தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, ராஜாமணி அக்கா போயிட்டாங்க. விடிகாலையில, தூக்கத்துலயே." நான் உடனே அழவில்லை. "உனக்கு யார் சொன்னா? அவங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டேன். அதோடு விடாமல் கிள்ளானில் இரண்டு பேருக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். அக்காவோடு பதினோரு ஆண்டுகள் ஒரே வங்கியில் வேலை பார்த்தவனுக்கு வேறு மாதிரி வராது.

கிள்ளான் கிளையில் நான் காசாளர். அக்கா எனக்குப் பின்னால் உட்கார்ந்து காசோலைகளைச் சரிபார்ப்பவர். பெரிய தொகை என்றால் அவர் பார்த்து ஒப்பமிடாமல் நான் பணம் எண்ண முடியாது. தேதி பிசகினால் திருப்புவார். எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் திருப்புவார். எல்லாம் சரியாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுவார். "காசு இல்லாம திரும்புற செக்கு கொஞ்சம்தான் தம்பி. ஆளு சரியில்லாம திரும்புறதுதான் நெறைய" என்பது அவர் அடிக்கடி சொல்வது. 'சிஐடி அக்கா' என்று வாடிக்கையாளர்கள் அவர் காதுபடவே பேசிக்கொள்வார்கள்.

பண்டமாரானிலிருந்து வந்த துறைமுகத் தொழிலாளி ஒருவரை, அந்தக் கிளையில் எங்களோடு இருந்த உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கை நடுங்கி அவர் கையெழுத்து மாறிவிட்டது. அக்கா ஆறு முறை போடச் சொன்னார். ஆறும் ஆறு விதம். "என்னைய நம்பலையாம்மா?" என்று பெரியவர் கேட்டார். "ஒங்கள நம்புறேன் ஐயா. கையெழுத்தத்தான் நம்பல" என்று சொல்லி, மின்விசிறிக்குக் கீழே அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அரைமணி நேரம் கழித்து ஏழாவது கையெழுத்து பொருந்தியது. எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆளை அலைக்கழிப்பதில் இந்த அம்மாவுக்கு ஒரு ருசி என்று நினைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை டெங்கில்காரர், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பா, மண்டபத்துக்கு முன்பணம் கட்டச் சொல்லி மாப்பிள்ளை கையில் ஒரு காசோலை கொடுத்தார். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுத்தார். அப்பாவுக்கு எதிலும் தாராளம். மஞ்சள் மூலையோடு நிற்காமல் எழுத்து வரைக்கும் படர்ந்திருந்தது. தொகை எவ்வளவு என்று எங்களிடம் அவர் சொல்லவில்லை.

மாப்பிள்ளை நேராக என் கவுண்டருக்கு வந்தார். "மச்சான், சீக்கிரம்லா, கார நோ பார்க்கிங்ல போட்டிருக்கேன்." பார்த்தேன், எட்டாயிரம் வெள்ளி. அப்பாவின் சேமிப்பில் பாதி. மண்டபத்துக்கே இவ்வளவா என்று தோன்றியது, பெருமையாகவும் இருந்தது. காசோலையை அக்காவிடம் நீட்டினேன்.

அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க மட்டும் ஏன் செவந்திருக்கு?"

"குங்குமம்க்கா. கல்யாணச் செக்கு."

விரலால் தேய்த்துப் பார்த்தார். "குங்குமம்னா கையில ஒட்டும். நீ ஆரத்தி கரைச்சுப் பாத்ததில்ல போல. சுண்ணாம்பு பட்டாதான் மஞ்சள் செவக்கும். இங்க எழுத்துமேல ஏதோ மருந்து பட்டிருக்கு. கழுவிட்டு மாத்தி எழுதியிருக்காங்க." ஆங்கிலத்தில் 'ஆயிரம்' என்று எழுதியிருந்த சொல்லைச் சுற்றி மட்டும்தான் அந்தச் சிவப்பு.

மாப்பிள்ளை குதித்தார். "என்னைய திருடன்னு சொல்றாங்க, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்களா மச்சான்? இந்தக் கல்யாணமே எனக்கு வேணாம்!" என்று கத்திவிட்டு வெளியேறினார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. "ஒங்களுக்குத்தான் கல்யாணம் ஆகல. என் தங்கச்சிக்கும் ஆகக்கூடாதா?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டேன். கிளை முழுவதும் கேட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. அக்கா காசோலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "நாளைக்கு அப்பாவ செக்குப் புத்தக அடிக்கட்டையோட வரச் சொல்லு" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் அப்பா வந்தார். அடிக்கட்டையில் அவர் கையால் எழுதியிருந்தது எண்ணூறு வெள்ளி. அப்பா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணம் நின்றது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றவர், "நேத்து ஒன்னையும் சேத்துத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். தங்கையின் வாழ்க்கையைக் காப்பாற்றிய மனுஷியிடம் அதற்குப் பிறகும் எனக்குப் பிரியம் வரவில்லை. கோமதிக்கு வேறு நல்ல இடம் அமைந்து, பிள்ளைகளும் பிறந்த பிறகும், ஒருத்தனை மாட்டிவிட்ட திருப்தி அக்காவுக்கு உள்ளுக்குள் இருந்திருக்கும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த அன்று அக்காவின் அண்ணன் மகள் ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அங்கிள், அத்தை அலமாரியில இருந்துச்சு. பேங்க் சாமானான்னு பாருங்க." உள்ளே இருந்தது அக்காவின் சொந்தக் காசோலைப் புத்தகம். தாளுக்குத் தாள் மஞ்சள் தடவி, பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தார். சுண்ணாம்பு, செவந்தது. துணி வெளுக்கும் மருந்து, செவந்தது. சோப்பு, செவந்தது. மழைத் தண்ணி, செவக்கல. முதல் தாளில் இருந்த தேதி, நான் அவரைப் பார்த்துக் கத்திய அதே நாள்.

வியர்வைக்கு மட்டும் நான்கு தாள். மாப்பிள்ளையின் கை வியர்த்து அந்த மஞ்சள் சிவந்திருக்கக் கூடாதா என்று அக்கா நான்கு முறை பார்த்திருக்கிறார். அவன் யோக்கியனாக இருக்கவேண்டும் என்று அன்றைக்கு என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டது அவர்தான். இத்தனை வருடம் அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மற்றதையெல்லாம் அக்காவின் அண்ணன் மகளிடமே கொடுத்துவிட்டு, நான்காவது வியர்வைத் தாளை மட்டும் எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் அக்கா எழுதியிருக்கிறார்: "இதுவும் செவக்கல. பாவம் அந்தப் பொண்ணு."