சளிக்கு ஏறிய சர்க்கரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளை எல்லோரும் 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் கண்மண் தெரியாமல் வண்டியை விடும்போது அதை மிதித்து நிறுத்துவது அவள் வேலை.

சர்க்கரை நோய் வந்து பல வருடமாகிறது. வேளாவேளைக்குச் சாப்பாடு, ராத்திரி தவறாமல் இன்சுலின் ஊசி என்று ஒழுங்காகத்தான் இருந்தாள். அப்போதுதான் வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து சளியைக் கொண்டுவந்து சேர்த்தார். அவருக்குச் சளி பிடித்தால் வீடே ஆஸ்பத்திரியாகிவிடும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, வெந்நீர், சிரப் என்று கேட்டுக் கேட்டுக் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் எதுவுமே நடக்காததுபோல் எழுந்து வேலைக்குப் போனார். சளி அவளிடம் தங்கிவிட்டது.

மூக்கு அடைத்தது, நாக்கு செத்துப்போனது. ரொட்டியைப் பார்த்தாலே குமட்டியது. பார்க்க வந்த நாத்தனார், வெறும் வயிற்றில் ஊசி போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும், சாப்பிடுகிற வரைக்கும் ஊசியை விட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். இவளும் முன்பு ஒரு தடவை அப்படி மயங்கி விழுந்தவள்தான். அந்தப் பயத்தில் இரண்டு ராத்திரி ஊசியைத் தொடவில்லை. இருமலுக்கு வீட்டுக்காரர் மிச்சம் வைத்த சிரப்பைக் குடித்தாள். பள்ளி முதலாளியிடம் லீவு கேட்டால், சாதாரண சளிக்கெல்லாமா என்று சிரித்தார். தொண்டைக்கு இனிப்பு மாத்திரையைச் சப்பிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

அன்று வண்டியை ஓட்டியவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பாட்டில் தண்ணீர் காலியாகியும் அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. கடைப் பலகைகளின் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. திருப்பத்தில் குறுக்கே வந்த மோட்டார் சைக்கிளை அவள் தாமதமாகத்தான் பார்த்தாள். பிரேக்கை மிதித்தபோது, இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. மோட்டார் சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான்.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கைப்பையிலிருந்த கருவியில் விரலைக் குத்திப் பார்த்தாள். முந்நூற்று நாற்பது.

"நான் ஒண்ணுமே சாப்பிடல சார். பட்டினி கிடந்தா கூடவா ஏறும்?"

கிளினிக்குக்குப் போன் செய்தாள். நர்ஸ் உடனே வரச் சொல்லிவிட்டாள்.

அங்கே சிறுநீரைச் சோதித்தார்கள். நல்லவேளையாக, இன்சுலின் இல்லாமல் போனால் சேரும் கீட்டோன் என்ற அமிலம் அதில் இல்லை. சளி, காய்ச்சல் எது வந்தாலும் அதோடு போராட உடம்பே சர்க்கரையை அவிழ்த்துவிடும், சாப்பிடாவிட்டாலும் ஏறும் என்றாள் நர்ஸ். போதாததற்குச் சிரப்பிலும் மாத்திரையிலும் சர்க்கரை. டாக்டர் அளவு சொல்லி ஊசியைத் திரும்ப ஆரம்பித்தார். தன்னைக் கேட்காமல் இனி நிறுத்தக் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும், வாந்தி வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஓடிவர வேண்டும் என்றார்.

"இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் நர்ஸிடம்.

"சொல்லியிருப்போம்க்கா. நல்லா இருக்கறப்ப சொன்னா யார் காதுல விழுது?"

அது உண்மை என்பதால் கோபம் இன்னும் அதிகமானது.

சாயங்காலம் வீட்டுக்காரர், இன்னுமா சளி போகவில்லை என்று கேட்டுத் தொலைத்தார்.

"உங்க சளி மூணு நாள்ல போயிடுச்சு. நான் ஒவ்வொரு தும்மலுக்கும் கணக்குப் போட வேண்டியிருக்கு. படுத்துக்கக்கூட என்னை விடல இந்த உடம்பு."

அவர் அடுப்படிக்குப் போய் சூப் வைத்துக் கொண்டுவந்தார். உப்பு கரித்தது. குடித்தாள். சளி இழுத்துக்கொண்டே போனது. சர்க்கரை ஒரு நாள் இறங்கி மறுநாள் ஏறி அவளை அலைக்கழித்தது. விரல் நுனியெல்லாம் எரிந்தது. முதலாளி போன் செய்தபோது, கண் தெளிகிற வரைக்கும் வண்டியைத் தொட மாட்டேன் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். அவர் முனகினார், வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

ஒருவழியாகச் சர்க்கரை பழைய அளவுக்கு வந்து வேலைக்குத் திரும்பிய அன்று, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் காரில் ஏறி உட்கார்ந்ததும் பலமாகத் தும்மினாள். சாதாரண சளிதான் என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

"எனக்கு எதுவும் சாதாரணம் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் முழுசாக இறக்கிவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னாள்.