பழனியாண்டவர் பெயரில் முதல் பில்

கண்ணால் பார்க்காத எதற்கும் நான் கையெழுத்திட்டதில்லை. திண்டுக்கல்லில் பட்டப்படிப்பை முடித்து, ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டி ஒன்றில் மேலாளராகச் சேர்ந்த நாள் முதல் இந்த வழக்கத்தைக் காத்து வந்திருக்கிறேன். அதை மிகவும் சோதித்தது ஒரு மென்பொருள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் எங்கள் மண்டிக்குக் கணினி வந்தது. விவசாயிகள் கொண்டுவரும் காய்களை ஏலம்விட்டு, எடையும் விலையும் கமிஷனும் குறித்து அவரவருக்குப் பில் கொடுப்பது எங்கள் தொழில். இனி அதைக் கணினிதான் போட வேண்டும் என்று முதலாளி தீர்மானித்தார். கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று மென்பொருளை எழுதிக் கொடுத்தது. விஜயதசமியன்று தொடக்க விழா என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. அதற்குள் மண்டி ஊழியர்களே அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். குறையில்லை என்று கண்டால் நான் கையெழுத்திட வேண்டும். இதற்கு ஏற்புச் சோதனை என்று பெயர். என் கையெழுத்து விழுந்தபின் ஒரு விவசாயியின் பில் தவறினாலும் சந்தை முழுவதும் என் பெயர்தான் அடிபடும்.

எதிர் மண்டியின் மேலாளர் அப்போதே கிண்டலைத் தொடங்கிவிட்டார். "ஏனுங்க, கம்ப்யூட்டர் வந்துட்டா தக்காளி அழுகாதுங்களா?"

"விஜயதசமியன்னைக்கு வந்து பாருங்க" என்றேன்.

சோதனைக்கு மூவரை அமர்த்தினேன்: பில் போடும் மூத்த குமாஸ்தா, எடை பார்ப்பவர், கணக்குப் பிரிவு அம்மையார். கேரளத்து லாரிகள் கிளம்பிச் சந்தை சற்று ஓய்ந்த பிற்பகல்களில் அவர்கள் கணினி முன் உட்கார்ந்தார்கள். மென்பொருளை எழுதிய பெண் கோவையிலிருந்து வந்திருந்தார்.

"தப்புத் தப்பா அடிச்சுப் பாருங்கண்ணா. அதுக்குத்தான் டெஸ்டிங்" என்றார் அவர்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். "சாரை முன்னாடி வெச்சுக்கிட்டு எப்படிங்கம்மா தப்புப் பண்றது?"

நியாயமான சங்கடம்தான். நான் அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்று முதல் கணினி அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. கத்தரிக்காய்க்கு யானை எடை போட்டார்கள். முருங்கைக்காயை வருகின்ற ஆண்டின் தேதியில் விற்றார்கள். மென்பொருள் எல்லாவற்றையும் மறுத்துப் பிழைத்துக்கொண்டது.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மூவரும் என் மேசை முன் வந்து நின்றார்கள்.

"எல்லாம் பாத்தாச்சுங்க. எல்லாம் சரியா இருக்குதுங்க."

"ரத்து?" என்றேன். விலையில் தகராறு வந்தால் போட்ட பில்லை ரத்து செய்து புதிதாகப் போடுவது எங்களுக்கு அன்றாட வேலை.

"அதும் சரிங்க."

"ரத்தான பில் ஒண்ணை அச்செடுத்துக் காட்டுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "அது வந்துங்க, மனசுக்குள்ள பண்ணிப் பாத்தோமுங்க. சரியாத்தான் இருந்துச்சு."

காரணம் மெல்ல வெளிவந்தது. புதுக் கணக்கு தொடங்கினால் முதல் பில்லைப் பழனியாண்டவர் பெயரில் போடுவது எங்கள் சந்தை வழக்கம். சோதனையிலும் ஒவ்வொரு நாளும் முதல் பில்லை அவர் பெயரில்தான் போட்டிருக்கிறார்கள். சோதனைப் பட்டியலின்படி அடுத்து அந்த முதல் பில்லையே ரத்து செய்து பார்க்க வேண்டும் என்றதும் மூவரும் கையை எடுத்துவிட்டார்கள்.

"மொதப் போணிங்க. அதும் சாமி பேர்ல. அதப் போயி ரத்துப் பண்ணச் சொல்றீங்களே" என்றார் எடை பார்ப்பவர்.

அம்மையாருக்கு ஒரு வழி தோன்றியது. "சார் வேதக்காரங்க. சாரே அமுத்திட்டா ஒண்ணும் ஆகாதுங்க."

நான் கத்தோலிக்கன் என்பது உண்மை. ஆனால் பழனியாண்டவரை ரத்து செய்த மேலாளர் என்று எதிர் மண்டிக்காரர் பழனி வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார் என்பதும் உண்மை. ஆகவே, என் பெயரில் ஒரு பில் போட்டு, அதை ரத்து செய்யும்படி சொன்னேன். குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது.

"உங்க பேர்லன்னா எத்தன தடவ வேணும்னாலும் ரத்துப் பண்ணலாமுங்க!"

என் பெயரில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் விற்கப்பட்டது. குமாஸ்தா ரத்து விசையை உற்சாகமாக அழுத்தினார். திரையில் என் வெங்காயம் அப்படியே இருந்தது. பழனியாண்டவரின் பில் மீது 'ரத்து' என்று விழுந்தது.

"முருகா!" என்று அம்மையார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோவைப் பெண் குனிந்து எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எந்த பில்லச் சொன்னாலும் அன்னிக்கு முதல் பில்லையே எடுக்குது சார். என் தப்புதான். நாளைக்கு ஒரு நாள் கொடுத்தீங்கன்னா முடிச்சிடுவேன்."

"நாளைக்கு ஆயுத பூஜைங்கம்மா. பொட்டு வெச்ச மெஷினத் தொடக்கூடாதுங்க" என்றார் குமாஸ்தா.

"எங்க ஆபீஸ்லயும் பூஜைதான்" என்று அந்தப் பெண்ணும் தலையில் கைவைத்தார்.

முதலாளியிடம் சென்று விஷயத்தைச் சொன்னேன். அவர் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஊரையே கூப்புட்டாச்சுங்களே மேனேஜர். ஒரு கையெழுத்துத்தானுங்க, போட்டுப்போடுங்க."

"மன்னிக்கணும் ஐயா. போட மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. விழா நிற்கக்கூடாது, என் கையெழுத்தும் விழக்கூடாது. அப்போதுதான் எனக்கு அவருடைய மகளின் புதுவீடு நினைவுக்கு வந்தது.

"போன மாசம் உங்க மகள் வீட்டுல பால் காய்ச்சினோமே, குடி போயிட்டாங்களா ஐயா?"

"எங்கீங்க? மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடியே போடலையே."

"நாமும் அதையே செய்வோம். நல்ல நாள்ல சாமி பேர்ல ஒரு பில். கைப்பிடி போட்டதும் குடிபோகலாம்."

பந்தல்காரர் திரும்பிப் பார்க்கும்படி முதலாளி சிரித்தார்.

விஜயதசமியன்று மாலையும் சந்தனமுமாக நின்ற கணினியில் முதலாளி ஒற்றை விரலால் பழனியாண்டவரின் பில்லைப் போட்டார். மற்றப் பில்கள் வழக்கம்போல் கையால்தான் எழுதப்பட்டன. எதிர் மண்டிக்காரர் அதைக் கவனிக்காமல் விடுவாரா?

"ஏனுங்க, ஒத்தப் பில்லோட நின்னுபோச்சுங்களா?"

"இன்னைக்குப் பால் காய்ச்சியிருக்கோம். அடுத்த வாரம் குடிவர்றோம். சுண்டல் எடுத்துக்கோங்க."

அவரைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துச் சுண்டலை எடுத்துக்கொண்டார்.

மறு வாரம் திருத்திய மென்பொருள் வந்தது. என் பெயரில் பில் போட்டு, அதைச் சாமி பில்லுக்கு அடுத்தும் நடுவிலும் கடைசியிலும் வைத்து ரத்து செய்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் மட்டுமே ரத்தானேன். அதன் பிறகே கையெழுத்திட்டேன்.

குமாஸ்தா மட்டும் விடவில்லை. "மொத பில்லையே ரத்துப் பண்ணியிருந்தோமுன்னா எல்லாம் சரின்னு காட்டியிருக்குமுங்க. நாங்க மாட்டேன்னதுனாலதானுங்க பிழை தெரிஞ்சுது."

அவர் சொன்னதில் தவறேதும் இல்லை என்பதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மாலை அனைவருக்கும் என் செலவில் காபி வரவழைத்தேன்.

பின்னர் நான் ஓய்வுபெறும் வரை, மென்பொருளில் எந்த மாற்றம் வந்தாலும் என் பேனா காத்திருக்கும். குமாஸ்தா அச்செடுத்த தாளுடன் வந்து நிற்பார்.

"உங்கள ரத்துப் பண்ணியாச்சுங்க சார். சாமி அப்படியே இருக்காருங்க."

தாளை வாங்கிப் படித்துப் பார்த்த பிறகே பேனாவைத் திறப்பேன்.