முத்தட்டும் என்று விட்ட சதை

கண் அறுத்த அன்றைக்கு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. நர்சம்மா ஒருத்தர். மேசைமேல் மல்லாந்து நான். கதவுக்கு வெளியே பெஞ்சில் என் பொஞ்சாதி. அவள் பக்கத்தில் அவள் தம்பி. வேறு நோயாளி யாரும் வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தது.

எங்கள் ஊர் தியாகதுருகம் பக்கம். எனக்கு மாட்டு வண்டியில் கரும்பு ஏற்றிப்போகிற வேலை. இடது கண் சின்ன வயசிலேயே கரும்புத் தோகை கிழித்துப் போய்விட்டது. வலது கண் ஒன்றுதான். அதில் மூக்குப் பக்கம், வெள்ளை முழிமேல் சிவப்பாய் ஒரு சதை எழும்பியது. அரிசி அளவு. எரியும், மண் விழுந்த மாதிரி உறுத்தும். வலி இல்லை.

வயசானவர்களுக்குக் கண்ணில் புரை விழுந்தால், முத்தட்டும், பிறகு அறுக்கலாம் என்று அப்போது சொல்லி அனுப்புவார்கள். நான் இதையும் புரை என்றே நினைத்தேன். முத்தட்டும் என்று விட்டேன். மூன்று வருஷம். அமாவாசைக்குத் தலை முழுகினதும் பொஞ்சாதி என் இமையைப் பிரித்துப் பார்ப்பாள். "இன்னும் முத்தல" என்பாள். சதை கருமுழிமேல் ஏறிக்கொண்டே இருந்தது. கல்வராயன் மலை எனக்கு ரெண்டு விளிம்பாய்த் தெரிந்தபோது, முத்திவிட்டது என்று கள்ளக்குறிச்சிக்குப் போனோம்.

டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார்.

"எத்தினி நாளா இருக்குது?"

"மூணு வருஷங்க. முத்தட்டும்னு இருந்தன்."

அவர் லைட்டை அணைத்தார்.

"முத்துறது புரைங்க. அது கண்ணுக்குள்ள. இது மேல வளர்ற சதை. வெயிலு, காத்து, புழுதி, இதாலதான் வரும். கெட்ட கட்டி இல்ல, உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா கருமுழி நடுவுல இருக்கற பாப்பாவ மூடிச்சின்னா பார்வை போயிடும். இன்னும் ஒரு நூலுதான் பாக்கி."

பொஞ்சாதி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். மாசாமாசம் பார்த்தவள் அவள்.

அறுக்கக் குறித்த நாளில்தான் மறியல். ஒரு வாரம் தள்ளினால் கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தள்ளினால் நான் மறுபடி போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். விடிந்ததும் அவள் தம்பியோடு மூன்று பேரும் நடந்தோம். வெட்டிப் போட்ட முதல் மரத்துப் பக்கம் நின்றது எங்கள் ஊர் ஆட்கள்தான்.

"இன்னா மாமா, ஊரே ரோட்ல குந்திக்கினு கீது, நீ எங்க கெளம்பிட்ட?" என்றான் ஒருத்தன்.

"கண்ணு அறுக்க."

"இருக்கறதே ஒண்ணு. அதையும் அறுத்துக்கினு யாரு கையப் புடிச்சிக்கினு வருவ?"

"நான் இருக்கறன். வழிய வுடு" என்றாள் பொஞ்சாதி.

அவன் கிளையை ஒதுக்கிப் பிடித்தான். ஏறித் தாண்டினோம். எனக்குக் கிளையும் நிழலும் ஒன்றாகத் தெரிந்தது. நான் காலைத் தூக்கவேண்டி ஒவ்வொரு மரத்துக்கும் அவள் எண்ணிச் சொன்னாள். கள்ளக்குறிச்சி போய்ச் சேர இருபத்திமூன்று மரம்.

ஊசி போட்டு மரக்க வைத்தார்கள். டாக்டரம்மா வெங்காயத் தோல் மாதிரி சதையைக் கருமுழியிலிருந்து உரித்து, அடியைச் சுரண்டினார்.

"வலிக்குதா?"

"இல்லங்க."

கட்டுப் போட்டபிறகு அவளையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். "சதை இருந்த எடத்துல தழும்பு நிக்கும். சதை திரும்பவும் வரலாம். கறுப்புக் கண்ணாடி இல்லாம வெயில்ல போவக் கூடாது. ஒரு வருஷம் வரலன்னா பயம் கம்மி."

கண்ணாடி போட்டு வண்டியில் உட்கார்ந்தால் கரும்பு வெட்டுகிற ஆட்கள் சிரிப்பார்கள். "சினிமாக்காரரு வர்றாரு, எழுந்து நில்லுங்கடா." நான் கழற்றவில்லை. அமாவாசைக்கு அவள் இமையைப் பிரித்துப் பார்ப்பாள். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பார்த்துவிட்டு விட்டுவிடுவாள்.

ஒரு வருஷம் கழித்து டாக்டரம்மா பார்த்தார். "வரல" என்றார்.

பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊருக்கு நடந்தே போகலாம் என்று நான் சொன்னேன். வெட்டின மரங்களின் அடிக்கட்டை ரோட்டோரம் அப்படியே நின்றது. இந்தத் தடவை நான் எண்ணினேன். ஒன்றை மட்டும் யாரோ விறகுக்குத் தோண்டியிருந்தார்கள். அவள் குழியைக் காட்டினாள். குழியை நான் சேர்க்கவில்லை.

இருபத்திரண்டு.