கையை எடுத்தால் மந்திரம் பணால்

போன ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரியில் என் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு ராட்சசன் செத்தான். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

வாராவாரம் நாங்கள் மூன்று நண்பர்கள் ஆடும் ஆட்டம் இது. ஆளுக்கு ஒரு வேஷம், உருட்டப் பகடை, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. விதிகளை எழுதுவதும் கதையை நடத்துவதும் நான். குமார் மந்திரவாதி. ஸ்டெல்லா வாள் வீராங்கனை.

சிக்கல் மந்திரத்தில்தான். குமார் வாயைத் திறந்தால் எதிரி சாம்பல். ஸ்டெல்லா வாளை உருவுவதற்குள் சண்டையே முடிந்துவிடும்.

சரி, மந்திரம் பலிக்க ஒரு சுற்று காத்திருக்கட்டும் என்று விதி போட்டேன். அய்யா என்ன செய்தார் தெரியுமா? மந்திரத்தைச் சொல்லிவிட்டு ஹாயாக செல்போன் பார்த்தார். ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் இன்னாத்துக்குப்பா வர்றேன்? வேடிக்கை பாத்துக்கினு குந்தவா? அடுத்த வாரமும் இப்படின்னா என்னை உட்டுடுங்க."

அவள் போனால் ஆட்டமே காலி. அந்தக் கவலையோடுதான் திங்கட்கிழமை கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனேன்.

நான் ஓட்டும், இரும்புத் தகடு அமுக்கும் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. தினமும் அழுத்துகிறேன்... மண்டையில் உறைக்க இத்தனை நாளா?

புது விதி: மந்திரம் தொடங்கினால் இரண்டு உள்ளங்கையும் டேபிள்மேல். தன் முறை மறுபடி வரும்வரை எடுக்கக்கூடாது. எடுத்தால் பணால்.

ஞாயிறு வந்தது. குமார் கையை வைத்தான். ராட்சசன் அவன்மேல் பாய்ந்தான். கொசு ஒன்று குமார் மூக்கில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி சுடச்சுட மிளகாய் பஜ்ஜியோடு வந்தாள்.

"பேஜாரு பண்ணாதீங்க அண்ணி. அந்தாண்ட எடுத்துக்கினு போங்க" என்று குமார் கெஞ்சினான்.

"கையை எடுத்த, தொலைச்சுடுவேன்" என்றாள் ஸ்டெல்லா. "அவனை நான் பாத்துக்குறேன். நீ அசையாத."

பகடையை உருட்டினாள். ஆறு. ராட்சசனின் அடியை அவள் வாள் தடுத்தது. குமார் முறை வந்தது, மந்திரம் இறங்கியது, ராட்சசன் க்ளோஸ். இருவரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டார்கள்.

சும்மா காத்திருந்தால்தான் போரடிக்கும். எந்த நொடியும் கெட்டுப்போகலாம், பக்கத்தில் ஒருவர் நமக்காகச் சண்டை போடுகிறார் — அப்படிக் காத்திருந்து பாருங்கள், கொட்டாவி வராது.

"அடுத்த வாரம் எத்தினி மணிக்குண்ணா?" என்று ஸ்டெல்லாவே கேட்டாள். கேட்கும்போது வாய் நிறைய பஜ்ஜி. குமாருக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.