கீழே நின்ற மெழுகுவத்தி

டீச்சருக்கு வாய்த்த கணவருக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வேப்பங்காய். வினிகர் ஆலையில் தொட்டி கழுவும் வேலை அவருக்கு. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் புளிப்பு வாடை விடாது. ஆனால் மனைவி மறுநாளைய அறிவியல் பாடத்துக்கு ஒத்திகை பார்க்க உட்கார்ந்தால் போதும், சமையலறை வாசலில் சம்மணம் போட்டுவிடுவார். கேலி பேச வேண்டாமா?

ஒரு நாள் பாடம் அணுவின் எடை. தட்டின் நடுவில் ஆறு கொண்டைக்கடலை, ஆறு பட்டாணி. விளிம்போரமாக ஆறு கடுகு.

"இது கார்பன் அணு. கடலை புரோட்டான், பட்டாணி நியூட்ரான். ஆறும் ஆறும் பன்னெண்டு. அதாங்க அதோட எடை."

"கடுக விட்டுட்டீங்களே டீச்சரம்மா?"

"அது எலக்ட்ரான். எடை இல்லாத மாதிரிதான். கணக்குல சேர்க்கிறதில்ல."

"அடப்பாவமே! ராப்பகலா சுத்திச் சுத்தி வருது, அதுக்கு இந்த மரியாதைதானா? சரியா உங்க கதைதான் போங்க."

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆக்சிஜன் அணு ஒன்று பதினாறு. கார்பனோடு அப்படி இரண்டு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு, மொத்தம் நாற்பத்து நான்கு என்று கூட்டிக் காட்டினார். நாம் சுவாசிக்கும் காற்று அதே கணக்கில் இருபத்தொன்பதுதான். அதனால் கனமான வாயு அடியில் தங்கும். ஆழமான பாத்திரத்தில் நெட்டை மெழுகுவத்தி ஒன்றும் குட்டை ஒன்றும் ஏற்றி வைத்து, அடியில் சோடா மாவைத் தூவி வினிகரை ஊற்றினார். நுரை பொங்கியது. குட்டை பொசுக்கென்று அணைந்தது. நெட்டை ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

கணவர் வாயைப் பிளந்தார்.

"உங்க தொட்டியிலயும் சாறு புளிக்கிறப்போ இதேதாங்க அடியில கிடக்கும்," என்றார் டீச்சர். இப்போது குரலில் சிரிப்பு இல்லை. "கண்ணுக்குத் தெரியாது. விளையாட்டில்ல, மனசுல வச்சுக்கோங்க."

அவர் எழுந்து கைகட்டி நின்று, "சரிங்க டீச்சர்" என்றார்.

அந்த வருடமே அடைப்பு எடுக்கத் தொட்டிக்குள் இறங்கிய பம்ப்காரர் மயங்கி விழுந்தார். காப்பாற்றப் போனவர் டீச்சரின் கணவர். பம்ப்காரர் பிழைத்துக்கொண்டார். கணவரைப் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் சும்மா போகவில்லை. "படிச்சவ வீட்ல இருந்தும் ஒரு விவரம் தெரியாமப் போயிட்டானே" என்று காதுபடவே பேசினார்கள். டீச்சருக்கு அது ஈட்டியாகக் குத்தியது. அன்றைக்குக் கைகட்டி நின்றது வெறும் கேலியா? இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் மனுஷன் இறங்கியிருக்க மாட்டாரோ? வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது கடலையும் எடுக்கவில்லை, மெழுகுவத்தியும் ஏற்றவில்லை. புத்தகத்தை வாசித்துவிட்டுக் கரும்பலகையை அழித்தார்.

சில மாதம் கழித்து ஆலை வாட்ச்மேன் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னைக்கிக் கயிறு பிடிச்சது நான்தாம்மா. சொல்லாம இருக்க முடியல. உங்க வீட்டுக்காரரு எடுத்தவுடனே இறங்கல. மெழுகுவத்தியக் கம்பியில கட்டி உள்ள விட்டாரு. பாதியிலயே அணைஞ்சு போச்சு."

"அதுக்கப்புறமும் ஏன் இறங்கினாரு?" என்றார் டீச்சர்.

"'எங்க டீச்சர் சொன்ன நாப்பத்திநாலு கீழ கிடக்குய்யா'ன்னாரு. வேண்டாம், ஆளுங்க வரட்டும்னு கத்துனேன். 'அதுக்குள்ள அவன் போயிருவான்'னாரு. மூச்சப் பிடிச்சிட்டு எறங்கி, இடுப்புல இருந்த கயித்த அவிழ்த்து பம்ப்காரருக்குக் கட்டிவிட்டாரு. அவர இழுத்துப் போட்டுட்டு மறுபடி கயிறு விட்டேன். பிடிக்க ஆளில்லம்மா."

இத்தனை மாதமாக அறுத்துக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. சொன்னது மண்டையில் ஏறியிருந்தது. ஒரு சொல் வீண்போகவில்லை. நெஞ்சு லேசாகும் என்று பார்த்தால், அதுவரை வராத அழுகை அப்போதுதான் பீறிட்டு வந்தது.

"எல்லாக் கணக்கும் சரியாப் போட்டாரேண்ணே," என்றார் டீச்சர். "என்னைய மட்டும் சேர்க்காம விட்டுட்டாரே."